டாட்டூ டிசைன்: காகிதத்தில் இருக்கும் சொல்லைத் தோலுக்குக் கொண்டுபோவது எப்படி?

அப்பா எழுதிய கடிதங்கள் எல்லாம் "அன்புடன்" என்ற சொல்லில்தான் முடியும். அவர் போன பிறகு, அந்த ஒரு சொல்லை அவருடைய கையெழுத்திலேயே இடது முன்கையில் குத்திக்கொள்ள ஆசைப்பட்டேன். ஸ்கேன் எடுத்துக் கொடுத்தால் அப்படியே குத்திவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். டிசைன் சரியாக வரவே நான்கு மாதம் ஆகிவிட்டது. முதல் டாட்டூவுக்குத் தயாராகிறவர்களுக்கு உதவும் என்பதால், நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஆர்ட்டிஸ்டைத் தேடுவது, குத்திய பிறகு பராமரிப்பது எல்லாம் இதில் வராது.

படி 1: மை எங்கே தங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊசி, மேல்தோலைத் தாண்டி உள்தோலில் மையை இறக்குகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான். மேல்தோல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால் மை அங்கே நிற்காது. உள்தோலில் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் மைத்துகள்களை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் இறந்தால், அது விட்டுப்போன மையை அடுத்த செல் எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் டாட்டூ ஆயுள் முழுக்க நிலைக்கிறது. ஆனால் குத்திய அன்று இருந்த கூர்மை அப்படியே இருக்காது. வருடம் போகப் போகக் கோடு சற்றுத் தடிக்கும், ஓரம் மங்கும். அதனால் பத்து வருடம் கழித்து எப்படித் தெரியும் என்பதை மனதில் வைத்துத்தான் வரைய வேண்டும்.

படி 2: அளவும் இடைவெளியும்

கடிதத்தில் அந்தச் சொல் மூன்று சென்டிமீட்டர் நீளம். அழகாக இருந்தது, அதே அளவில் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஆர்ட்டிஸ்ட் 'ன' எழுத்தைக் காட்டி, "இந்தச் சுழி அடைந்துவிடும்" என்றார். பால்பாயின்ட் பேனாவின் மெல்லிய கோட்டில் அந்தச் சுழியின் உள்ளே ஒரு மில்லிமீட்டர் இடம்கூட இல்லை. கோடு கொஞ்சம் தடித்தாலே அது கறுப்புப் பொட்டாகிவிடும். சரி, கோட்டை மட்டும் தடிமனாக்கலாமா என்றால், அதுவும் சுழியைத்தான் தின்னும். கோட்டையும் எழுத்தையும் சேர்த்தே பெரிதாக்க வேண்டும். கடைசியில் எட்டு சென்டிமீட்டரில் நின்றது.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டிசைனை உண்மையான அளவில் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு மடங்கு தடிமனாக வரையுங்கள். அப்புறம் சுவரில் ஒட்டிவிட்டு நான்கைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். சுழிகள் திறந்திருந்தால், எழுத்து படிக்க வந்தால், அந்த அளவு போதும். முகம், பூ, மிருகம் எதுவானாலும் இதே சோதனைதான்.

தமிழ் எழுத்து குத்துகிறவர்கள் புள்ளியைத் தனியாகக் கவனியுங்கள். புள்ளி மங்கினால் "அன்புடன்" என்பது "அன்புடன" ஆகிவிடும். எழுத்தோடு ஒட்டினாலும் அதே கதிதான். நான் இரண்டு புள்ளிகளையும் கொஞ்சம் பெரிதாக்கி, சற்று மேலே தூக்கினேன். அப்பாவின் எழுத்தில் கைவைக்கிறோமே என்று மனசு கேட்கவில்லை. ஆனால் அவர் எழுதிய சொல் நாளைக்கும் அந்தச் சொல்லாகவே படிக்க வர வேண்டுமே.

படி 3: வரைவது

முதலில் டிரேசிங் பேப்பரும் பென்சிலும். கையால் நாலு தடவை வரைந்தால்தான் எந்த வளைவு முக்கியம் என்று புரிகிறது. பிறகு இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள். இலவசம், தமிழ் எழுத்தையும் உடைக்காது. படத்திலிருந்து தானாகக் கோடெடுக்கும் வசதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பேனாக் கோட்டின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகப் பிடித்து, காகிதச் சொரசொரப்பையும் சேர்த்து எடுத்துவந்தது. பேனா கருவியால் நடுக்கோட்டை நானே வரைந்துகொண்டேன்.

எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அனுப்பும் முன் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஆர்ட்டிஸ்டின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியலாம், அல்லது 'கொ'வின் கொம்பும் காலும் இடம் மாறலாம். ஏஐ வரைந்து தரும் படங்களில் தமிழ் எழுத்து அடிக்கடி தப்பாக வருகிறது. நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 4: இடம். எனக்குத் தவறியது இங்கேதான்

உள்ளங்கை மேலே பார்க்க, கையை மேஜைமேல் நீட்டி வைத்துக்கொண்டு ஸ்டென்சில் (குத்தும் முன் டிசைனைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டினோம். ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கடைசி எழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிப் போயிருந்தது. காரணம் எளிது. கையைத் திருப்பும்போது முன்கையின் ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் குறுக்கே சுழல்கிறது. முழங்கைப் பக்கத்துத் தோல் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, மணிக்கட்டுப் பக்கத்துத் தோல் கூடவே திரும்புகிறது. நீளவாக்கில் எழுதிய சொல் முறுக்கிக்கொள்ளும்.

அழித்து அழித்து மூன்று தடவை ஒட்டினோம். மூன்றாவது முறை நான் நின்றுகொண்டு, தோளைத் தளர்த்தி, கையை இயல்பாகத் தொங்கவிட்டேன். அந்த நிலையில் குறி வைத்ததும் சரியானது. டிசைனையும் மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே தள்ளினோம். கையைத் திருப்பும்போது இப்போதும் கொஞ்சம் சாயும். முழுக்கத் தவிர்க்க முடியாது. ஸ்கேல் வைத்த மாதிரி நேர்க்கோடும் துல்லியமான வட்டமும்தான் இந்த முறுக்கை முதலில் காட்டிக்கொடுக்கும், அதனால் முன்கைக்கு அவை வேண்டாம் என்பது என் கருத்து.

ஒட்டியதைப் பார்க்கக் கண்ணாடியையோ செல்ஃபியையோ நம்ப வேண்டாம், இடம் வலமாகத் தெரியும். வேறொருவரைப் பின்கேமராவில் படமெடுக்கச் சொல்லுங்கள். அதே ஆள் சொல்லை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிக்கட்டும். மச்சத்தின் மேல் டிசைன் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சம் மாறினால் மைக்கு அடியில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

படி 5: நிறம்

என் ஓட்டு கறுப்புக்குத்தான். 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, 5,000 வருடங்களுக்கு முந்தைய ஓட்சி என்ற மனிதரின் உடலில் 61 டாட்டூக்கள் இருக்கின்றன. எல்லாம் கரியால் ஆன சின்னச் சின்னக் கோடுகள். இன்றைய கறுப்பு மையிலும் இருப்பது பெரும்பாலும் அதே கார்பன்தான். மை தோலின் நிறத்தின் வழியாகத்தான் தெரியும் என்பதால், மாநிறத்திலும் கறுத்த தோலிலும் வெள்ளையும் இளமஞ்சளும் சீக்கிரம் காணாமல் போகும்.

பிற்சேர்க்கை 1: விரலில் குத்தலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். விரலின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் தேய்மானம் அதிகம், மை சீக்கிரம் மங்கும் அல்லது பரவும். ஒரே எழுத்து, தடித்த கோடு என்றால் முயலலாம். முழுச் சொல் வேண்டாம்.

பிற்சேர்க்கை 2: ஒத்திகைக்குக் "கருப்பு மருதாணி" போட்டுப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கறுப்புக்காகப் பல கலவைகளில் பிபிடி என்ற தலைச்சாய ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். கொப்புளமும் நிரந்தரத் தழும்பும் வரலாம். நான் செய்தது, தோலில் எழுதுவதற்கென்றே வரும் பேனாவால் தினமும் காலையில் அந்த இடத்தில் வரைந்துகொண்டது. இரண்டு வாரம் அப்படிச் செய்தேன். ஆறாவது நாளே, மணிக்கட்டுக்கு அருகில் வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. சட்டைக்கை மடிப்பு 'ட'வுக்கு மேலேயே வந்து நின்றது.