டீ ட்ரீ ஆயிலை அப்படியே தடவாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் கொசு கடித்துத் தோல் சிவந்தால், இப்போதெல்லாம் டீ ட்ரீ ஆயிலை (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெய், தேயிலை எண்ணெய் அல்ல) வாங்கி அப்படியே தடவிவிடுகிறார்கள். எரிச்சல்தான் கூடும். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு போதும், அதுவே கிட்டத்தட்ட 1 சதவீதம். முதலில் அந்தக் கலவையை முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று 48 மணி நேரம் பாருங்கள்.

காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசான டீ ட்ரீ ஆயில் அலர்ஜி தரும். பாட்டிலை இறுக மூடி இருட்டில் வையுங்கள் (செட்டிநாட்டு வீடுகளில் இருட்டு அறைக்கா பஞ்சம்!). கிராம்பு எண்ணெய் இன்னும் காரம், சிவந்த தோலுக்கு வேண்டவே வேண்டாம். அப்புறம், வேர்க்குருவுக்கு எந்த எண்ணெயும் கூடாது. வியர்வைத் துவாரம் அடைபடும். திறந்த புண்ணோ, கைக்குழந்தையோ என்றால் நேரே டாக்டரிடம் போங்கள்.