பிரியாத அதிரசத்துக்கு மாவின் ஈரமும் பாகின் பதமும்

அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனால் பொரிப்பதில் தப்பு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் தப்பு முந்தின நாளே, மாவிலோ பாகிலோ நடந்திருக்கும்.

அரை கிலோ மாவுப் பச்சரிசிக்கு 350 முதல் 375 கிராம் பாகு வெல்லம் சரியாக இருக்கும். ஏலக்காய் எட்டு, சுக்குப்பொடி அரை டீஸ்பூன், வெள்ளை எள் ஒரு ஸ்பூன், கொஞ்சம் நெய். எலுமிச்சை அளவு உருண்டையாக எடுத்தால் இருபத்தைந்துக்கு மேல் வரும். கேதார கௌரி நோன்புக்கு 21 வைப்பவர்களுக்கு இந்த அளவு போதும். புழுங்கலரிசியும் பாசுமதியும் இதற்கு ஆகாது.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, வேட்டித் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போடக் கூடாது. அள்ளினால் கையில் ஒட்டாமல், தொட்டால் மட்டும் ஜில்லென்று ஈரம் தெரியும்போது அரைக்க வேண்டும். அரைத்துச் சலித்த மாவைப் பிடித்தால் பிடிபடும், விரலால் தட்டினால் உதிரும். கடையில் விற்கும் காய்ந்த அரிசி மாவு பாகை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு அதிரசத்தைக் கட்டையாக்கிவிடும். அதை நம்பி இறங்க வேண்டாம். சலித்த மாவு காயாமல் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

வெல்லத்தைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். நுரைத்துக் கொதிக்கத் தொடங்கியதும் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துக்கொண்டு, அடிக்கடி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரைந்து ஓடும். அப்புறம் அடியில் தங்கும், ஆனால் விரலில் திரளாது. அதையும் தாண்டி, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு, தட்டில் வைத்தால் லேசாகத் தளர்ந்து உட்காரும். அதுதான் பதம். உருண்டையைத் தட்டில் போட்டு ‘டங்’ என்று கேட்டால் அது கடலை உருண்டைப் பாகு, அதிரசத்துக்கு முற்றிவிட்டது. இடைவெளி மிகச் சிறியது. இந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள்.

உடனே அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்கு, எள் சேர்த்து, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி மாவைத் தனியே நிறுத்திவையுங்கள், முழுதும் தேவைப்படாமல் போகலாம். கலவை சப்பாத்தி மாவைவிடத் தளர இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஆறினால் தானாக இறுகும். மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டி ஓர் இரவாவது வையுங்கள். இரண்டு நாள் விட்டால் இன்னும் மிருதுவாக வரும்.

மறுநாள் நன்றாகப் பிசைந்து, நெய் தடவிய வாழையிலையில் கால் அங்குல கனத்துக்குத் தட்டுங்கள். எண்ணெயில் கிள்ளிப் போட்ட துளி மாவு மெதுவாக மேலே வர வேண்டும். சுரீரென்று எழும்பினால் சூடு அதிகம்: வெளியே கருகி உள்ளே வேகாது. முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் பாகு இளசு. நிறுத்திவைத்த மாவில் இரண்டு ஸ்பூன் பிசையலாம். அதற்கும் அடங்காவிட்டால் கொஞ்சம் வெல்லத்தில் கெட்டிப் பாகு வைத்துக் கலப்பதே வழி, மாவையே கொட்டிக்கொண்டிருந்தால் இனிப்பு போய்விடும். தட்டும்போதே ஓரம் வெடித்தால் பாகு முற்றியது, அல்லது மாவு காய்ந்தது. வெதுவெதுப்பான பாலைத் தெளித்துப் பிசைந்து, அந்த மாவை அன்றே சுட்டுவிடுங்கள், வைத்தால் புளிக்கும்.

ஒவ்வொன்றாகப் போட்டு, மேலே வந்ததும் திருப்பி, செந்நிறமானதும் எடுத்து இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடியுங்கள். சூட்டில் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நன்றாக ஆறியபின் டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.