பிரைவேட் லிமிடெட் போட்டும் வீடு ஏலத்துக்கு வருவது ஏன்?

கோத்தகிரி பக்கம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் சிறு தொழிற்சாலை, ஊட்டியில் வர்க்கி பேக்கரி, கொடைக்கானலில் நாலு அறை காட்டேஜ் என்று தொழில் எதுவாக இருந்தாலும், வரவு செலவு கொஞ்சம் கூடியதும் காதில் விழும் யோசனை ஒன்றுதான். "பிரைவேட் லிமிடெட் ஆக்கிடுங்க. நஷ்டம் வந்தா கம்பெனியோட போயிடும், வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது." நல்ல யோசனைதான். ஆனால் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டு, பிறகு போடுகிற கையெழுத்துகளால் அந்தப் பாதுகாப்பைத் தாங்களே இழந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடிப்படை இதுதான்: சட்டத்தின் கண்ணில் கம்பெனி தனி ஆள். அதன் சொத்து அதற்கு, அதன் கடனும் அதற்கு. இந்தியாவில் இந்தக் கொள்கை நிலைபெற்றதில் தேயிலைக்கும் பங்கு உண்டு. அஸ்ஸாமில் கொண்டோலி என்ற தேயிலைக் கம்பெனிக்குத் தோட்டத்தை எழுதிக் கொடுத்தவர்கள், "நாங்களேதானே பங்குதாரர்கள், எங்கள் சொத்தை எங்களுக்கே மாற்றுவதற்கு முத்திரைத் தீர்வை எதற்கு?" என்று கேட்டார்கள். நீங்கள் வேறு, கம்பெனி வேறு என்று 1886இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் லண்டன் சாலமன் வழக்குத் தீர்ப்பு வந்தது அதற்கும் 10 ஆண்டுகள் கழித்து, 1896இல். தேயிலைக் கம்பெனியின் பங்குதாரருக்குத் தோட்டத்தில் நேரடி உரிமை இல்லை என்று 1954இல் பச்சா குஸ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நீங்கள் வேறு, கம்பெனி வேறு என்பது உங்களைக் காப்பாற்ற வேண்டுமானால், அன்றாட நடப்பிலும் நீங்கள் வேறாகவே இருந்தாக வேண்டும்.

வடிவத்தையே தவறாகப் புரிந்துகொள்வது

யூடியூபில் பார்த்துவிட்டு "எல்எல்சி போடணும்" என்று கேட்பவர்கள் உண்டு. எல்எல்சி (லிமிடெட் லயபிலிட்டி கம்பெனி) என்பது 1977இல் வயோமிங் மாநிலத்தில் தொடங்கிய அமெரிக்க வடிவம். இங்கே அந்தப் பெயரில் எதுவும் இல்லை. நமக்கு இருப்பவை 2013 கம்பெனிச் சட்டப்படி பிரைவேட் லிமிடெட், ஒருநபர் கம்பெனி, உழவர் உற்பத்தியாளர் கம்பெனி, அப்புறம் 2008 சட்டப்படி எல்எல்பி, அதாவது கூட்டாளிகளின் பொறுப்புக்கு எல்லை உள்ள பார்ட்னர்ஷிப். சாதாரண பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்துவிட்டு "ரிஜிஸ்டர் ஆகிடுச்சு, பயமில்லை" என்று இருப்பதுதான் பெரிய தவறு. 1932 சட்டப்படி அங்கே ஒவ்வொரு கூட்டாளியும் ஃபர்மின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. நாலில் ஒரு பங்குதான் உங்களுடையது என்றாலும் மொத்தக் கடனையும் உங்களிடமே வசூலிக்கலாம்.

ஜாமீன் கையெழுத்து

வீடு போவதற்கு முதல் காரணம் இதுதான். கம்பெனி பெயரில் ஓசி லிமிட்டோ (வரம்புக்குள் எடுத்துக் கட்டிக்கொண்டே இருக்கும் ஓப்பன் கேஷ் கிரெடிட் கடன்) மிஷின் லோனோ கேட்டால், டைரக்டர்களின் சொந்த ஜாமீன் இல்லாமல் வங்கிகள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. கட்டாகக் காகிதம் வரும், பென்சிலில் குறித்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதில் ஒன்று ஜாமீன் பத்திரம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். "முதலில் கம்பெனியிடம் கேள், பிறகு என்னிடம் வா" என்று சொல்ல முடியாது. வீட்டு மூலப்பத்திரத்தையும் வைத்து எம்ஓடி (மூலப்பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம்) போட்டிருந்தால், கடன் வாராக்கடன் ஆனதும் 2002 சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, சிவில் வழக்கு போடாமலே வங்கி வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம். திவால் தீர்ப்பாயத்தில் கம்பெனியின் தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபடமாட்டார் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஜாமீனே கொடுக்காமல் தொழில் செய்வது இங்கே பலருக்குக் கைகூடாது. ஆனால் அளவாகக் கொடுக்கலாம். வட்டி, செலவு உட்பட இன்ன தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று உச்சவரம்பை எழுத்தில் கேளுங்கள். பங்கே இல்லாத மனைவியையும் அப்பாவையும் "சும்மா ஒரு கையெழுத்து" என்று உட்கார வைக்காதீர்கள். மலையில் பூர்வீக நிலம் பெரியவர்கள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும்போது இந்த ஒரு கையெழுத்து நாலு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும். சிறு தொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமல் கடன் பெற வழி உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள்.

டைரக்டர் பதவியிலிருந்து விலகினால் ஜாமீனும் போய்விடும் என்பது இன்னொரு தப்பெண்ணம். பதவி கம்பெனியோடு, ஜாமீன் வங்கியோடு. இரண்டும் வேறு வேறு. ஓசி போலத் தொடர்ந்து ஓடும் கடனுக்கு, இனி வரும் பற்றுகளுக்குப் பொறுப்பில்லை என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 130வது பிரிவுப்படி வங்கிக்கே நோட்டீஸ் கொடுக்கலாம். ஒப்புகையோடு, பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அன்றுவரை ஏறிய பாக்கிக்குப் பொறுப்பு நீங்காது.

கல்லாவில் ஒட்டிய கியூஆர் அட்டை

கம்பெனி தொடங்கிய பிறகும் கல்லா மேஜையில் பழைய கியூஆர் அட்டையே இருக்கும். ஸ்கேன் செய்தால் முதலாளியின் சொந்தப் பெயர் வரும், பணம் சேமிப்புக் கணக்குக்குப் போகும். பில் புத்தகம் பழைய கடைப் பெயரில் இருக்கும். ஜிஎஸ்டி எண்ணும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் தனிநபர் பெயரிலேயே தொடரும். நாளைக்கு மைதா, டால்டா கொடுத்தவர் வழக்குப் போட்டால் "நான் இவருக்குத்தான் கடன் கொடுத்தேன், கம்பெனியை எனக்குத் தெரியாது" என்பார். காகிதம் எல்லாம் அவர் பக்கம்தான் பேசும்.

ரப்பர் ஸ்டாம்பைப் பாருங்கள். மேல் வரியில் கம்பெனியின் முழுப் பெயர், 'பிரைவேட் லிமிடெட்' என்ற சொற்களோடு, அதற்கு முன்னால் 'க்காக' என்ற பொருள் தரும் 'ஃபார்' (For) என்ற சொல், நடுவில் கையெழுத்துக்கு இடம், கீழே 'இயக்குநர்'. 'புரொப்ரைட்டர்' என்ற பழைய ஸ்டாம்பை அன்றே தூக்கிப் போடுங்கள். பில், லெட்டர்பேடில் கம்பெனிப் பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் எனப்படும் கம்பெனி அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்தின் 12வது பிரிவு.

கம்பெனிக் கணக்கிலிருந்து பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கடன் தவணை கட்டுவதையும் நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய பணத்தைச் சம்பளமாகவோ டிவிடெண்டாகவோ எடுங்கள். உங்கள் நிலத்தில் கம்பெனி இயங்கினால் வாடகை ஒப்பந்தம் எழுதுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்தாக வேண்டும். டைரக்டர் சொந்தப் பணத்தைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுக்கலாம், அது வேறிடத்தில் கடன் வாங்கிய பணம் இல்லை என்ற எழுத்துமூல உறுதியோடு. அக்கம்பக்கத்தாரிடம் வட்டிக்கு வாங்கிப் போடுவதோ சட்டவிரோத டெபாசிட் ஆகிவிடும்.

முந்திக்கொண்டு போடும் ஒப்பந்தம், கட்டாத பங்குப் பணம்

சீசனுக்குள் திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் கம்பெனி பதிவாகும் முன்பே காட்டேஜ் லீஸும் மிஷின் ஆர்டரும் போட்டுவிடுவார்கள். பிறக்காத கம்பெனிக்காகப் போட்ட கையெழுத்துக்குப் பொறுப்பு போட்டவருடையதுதான். பதிவானதும் போர்டு தீர்மானம் போட்டு அந்த ஒப்பந்தத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, எதிர்த்தரப்புக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புது ஒப்பந்தமே போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பங்குதாரரின் பொறுப்புக்கு எல்லை, அவர் பங்கில் இன்னும் கட்டாத தொகை. பெரிய கம்பெனியாகத் தெரியட்டும் என்று 10 ரூபாய்ப் பங்கு ஒரு லட்சம் எடுத்து, பங்குக்கு 1 ரூபாய் மட்டும் கட்டியிருந்தால், கம்பெனி மூழ்கும்போது 9 லட்சம் உங்கள் கையிலிருந்து கேட்கப்படும். குறைந்தபட்ச மூலதனம் என்ற விதி 2015லேயே போய்விட்டது. முழுதாகக் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் எடுங்கள். எடுத்த பங்குக்கான பணம் வந்துவிட்டது என்று 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ படிவத்தில் உறுதி சொன்ன பிறகே தொழிலையும் கடன் வாங்குவதையும் தொடங்க வேண்டும்.

கணவன், மனைவி இருவரே பங்குதாரர் என்றால் ஒன்று கவனியுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்து, அது தெரிந்தே ஆறு மாதத்துக்கு மேல் தொழிலை நடத்தினால், அதன்பின் வாங்கும் கடனுக்கு மிஞ்சியவர் தனிப்பட்ட பொறுப்பாளி ஆவார். துக்கத்தில் பலரும் தவறவிடும் விஷயம் இது. பங்கை வாரிசு பெயருக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கம்பெனி மறைக்காத கடன்கள்

ஜிஎஸ்டி பாக்கியைக் கம்பெனியிடம் வசூலிக்க முடியாவிட்டால், 89வது பிரிவுப்படி அந்தக் காலத்தில் டைரக்டராக இருந்த ஒவ்வொருவரிடமும் வசூலிக்கலாம். தன் அலட்சியமோ கடமைத் தவறோ காரணமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு டைரக்டருக்கு. வருமான வரிச் சட்டத்திலும் இதே போன்ற பிரிவு உண்டு. தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பிஎஃப்பைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். கையில் பணம் குறையும்போது லாரி வாடகையைவிட இவற்றை முதலில் கட்டுங்கள்.

செக் திரும்பினால் கையெழுத்துப் போட்ட டைரக்டரும் வழக்கில் சேர்வார். தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, செக் தொகையின் இரு மடங்குவரை அபராதம். நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கு வராது. கம்பெனிப் பாக்கிக்குச் சொந்தச் செக் கொடுப்பதையும், தொகை எழுதாத செக் கொடுப்பதையும் அறவே தவிருங்கள்.

உங்கள் சொந்தக் கவனக்குறைவால் உயிர்ச்சேதம் நேர்ந்தாலும் கம்பெனி மறைக்காது. குளிருக்கு மூடிய அறையில் கரி அடுப்பு வைக்க விடுவது, காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசர் மாட்டுவது ஆகியவற்றில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். இதற்குச் சரியான ஏற்பாடு காற்றுவழியும், பொதுப்பொறுப்புக் காப்பீடும்.

மூழ்கும்போது செய்யும் தவறுகள்

பசுந்தேயிலைக்குப் பணம் மாதக் கணக்கில் போவதால், எந்த நேரமும் தொழிற்சாலை சிறு விவசாயிகளுக்குக் கடன்பட்டே இருக்கும். இனி மீள வழியில்லை என்று தெரிந்தும் வண்டி வண்டியாக இலையைக் கடனுக்கு இறக்கினால், 2016 திவால் சட்டத்தின் 66வது பிரிவுப்படி தீர்ப்பாயம் டைரக்டரைச் சொந்தமாகக் கட்டச் சொல்லலாம். அந்த நிலையில் மிஷினை மச்சான் பெயருக்கு மாற்றுவது ஏமாற்றும் நோக்கம் என்று பார்க்கப்படும். போர்டு கூட்டி நிலவரத்தைப் பதிவு செய்யுங்கள், புதுக் கடனை நிறுத்துங்கள்.

ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டால் ஏஓசி-4 (நிதிக் கணக்கு), எம்ஜிடி-7ஏ (ஆண்டறிக்கை) படிவங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் டைரக்டர்களுக்கு ஐந்து ஆண்டு தகுதியிழப்பு. 2017இல் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதியிழந்தார்கள். உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் பெயருக்கு டைரக்டராக இருக்கும் விவசாயிகள் இதை ஆண்டுதோறும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"பதிவாளரே பேரை எடுத்துடுவார், அத்தோட முடிஞ்சுது" என்று சும்மா விடுவதும் தவறு. பெயர் நீக்கப்பட்ட பின்னும் டைரக்டர்கள், பங்குதாரர்களின் பொறுப்பு அப்படியே தொடரும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 248வது பிரிவு. நீங்களே எஸ்டிகே-2 படிவம் போட்டு மூடுவதாக இருந்தால், ஒவ்வொரு டைரக்டரும் பிற்பாடு வரும் பாக்கிக்குத் தானே ஈடுகட்டுவதாக முத்திரைத்தாளில் உறுதிப் பத்திரம் தர வேண்டும். ஆகவே இலைப் பாக்கி, ஜிஎஸ்டி, பிஎஃப், வங்கிக் கடன் எல்லாவற்றையும் தீர்த்து, வங்கியிடமிருந்து பாக்கியில்லைச் சான்றும் மூலப்பத்திரமும் திரும்ப வாங்கி, எம்ஓடியை ரத்து செய்த பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.