பஃபலோ பனிக்கு பூட்ஸ் வாங்குவது எப்படி?

ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ நகருக்குப் படிக்க வந்து இறங்கும் பிள்ளைகள் எல்லோரும் ஜாக்கெட்டைப் பற்றியே கேட்கிறார்கள். ஜாக்கெட் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். பூட்ஸ் சரியில்லை என்றால் பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

1. அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஊரை ஒட்டிய ஈரி ஏரியிலிருந்து கிளம்பும் பனி அதற்கெல்லாம் காத்திருக்காது. 2014, 2022 இரண்டிலுமே நவம்பர் மூன்றாம் வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. 2022-இல் பக்கத்திலிருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்கில் சுமார் 80 அங்குலம்.

2. அளவு. ஊரில் 8 போடும் ஆண்களுக்கு இங்கே 9. பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கூடும். தடித்த கம்பளி சாக்ஸோடு போட்டுப் பாருங்கள், விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். இரண்டு சாக்ஸ் போட்டும் குளிர்கிறது என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

3. சோல். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியில் மைனஸ் 40 என்று போட்டிருப்பது குளிருக்கு. வழுக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆழமான பள்ளங்கள் புதுப்பனியில் உதவும். உறைந்த நடைபாதையில் காலைப் பிடித்து நிறுத்துவது ரப்பரின் தன்மை. அதுவும் 0 டிகிரியை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு கிடக்கும் ஐஸ் இருக்கிறதே, மைனஸ் 15-ஐவிட அதுதான் ஆபத்து.

கடையில் பார்த்தால் எல்லா சோலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டொராண்டோ ஆய்வகம் ஒன்றில் ஐஸ் தரையைச் சாய்த்து, ஆட்களை பூட்ஸோடு அதில் நடக்கவிட்டுச் சோதிக்கிறார்கள். 7 டிகிரி சரிவில் வழுக்காமல் நடந்தால்தான் தேர்ச்சி. 2016-இல் வந்த முதல் முடிவில், சோதித்த 98 பூட்ஸில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்று தேடுங்கள், பட்டியல் கிடைக்கும். அன்று தேறியவை ஆர்க்டிக் கிரிப், கிரீன் டயமண்ட் சோல் வைத்தவை. நான் முதலில் பார்ப்பதும் அவற்றைத்தான்.

4. கனம். முழங்கால் வரை வரும் ராட்சத பூட்ஸ் மாணவருக்கு எதற்கு? பஃபலோ பல்கலையின் வடக்கு வளாகத்தில் பல கட்டடங்களுக்கு இடையே மூடிய பாதை உண்டு. கணுக்காலுக்கு மேல் உயரம், தண்ணீர் புகாத தோல், 200 கிராம் இன்சுலேஷன் (குளிரைத் தடுக்கும் உள் அடுக்கு) போதும். அதற்கு மேல் போனால் வகுப்பில் கால் வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரமே குளிரும்.

5. பராமரிப்பு. சாலை உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்தால் போய்விடும். ஹீட்டர் மேல் காயவைத்தால் பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து வையுங்கள்.

பின்சேர்க்கை: பூட்ஸுக்கு மேல் மாட்டும் முள் பட்டை வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஐஸில் பிரமாதம். ஆனால் டைல்ஸ் தரையிலும் பஸ் படியிலும் அதுவே வழுக்கிவிடும். உள்ளே நுழையுமுன் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், கூடவே ஒரு பிளாஸ்டிக் கவரும் வேண்டும்.