பேஸுக்குள்ளே கோல்ஃப்: டெல்டாவிலிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கு

மேட்டூர் திறந்து, மன்னார்குடிப் பக்கம் குறுவை வேலை மும்முரமாக நடக்கிற இதே சமயத்தில்தான் இங்கே தெருவுக்கு ஒரு பிள்ளை ஆகஸ்ட் வகுப்புக்குப் பெட்டி கட்டுகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிற என்னிடம் சிம் கார்டு, வாடகை வீடு, பேங்க் கணக்கு, அரிசி எங்கே கிடைக்கும் என்று எல்லாம் கேட்கிறார்கள். சனி ஞாயிறு என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. போய் இறங்கிய முதல் வருஷம் நம் பிள்ளைகளை வாட்டுவது அந்த இரண்டு நாள்தான். அறையில் படுத்துக்கொண்டு போனைத் தேய்ப்பதற்குப் பதில், நீங்கள் போகிற ஊருக்குப் பக்கத்தில் ராணுவ பேஸ் இருக்கிறதா, அதற்குள் கோல்ஃப் மைதானம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நமக்கு இது நம்ப முடியாத விஷயம். தஞ்சாவூர் விமானப்படை நிலையம் நமக்கெல்லாம் புதுக்கோட்டை ரோட்டில் ஒரு நீளச் சுவர், 2020-இல் சுகோய் படைப்பிரிவு வந்தபிறகு வானத்தில் ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே போய் விளையாடுவது என்ற பேச்சே கிடையாது. அமெரிக்காவில் தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று பல பேஸ்களில் சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகவே கோல்ஃப் மைதானம் நடத்துகிறார்கள், அதில் நிறைய இடங்களில் வெளியாட்களும் காசு கட்டி ஆடலாம். கட்டணத்தைப் பதவியைப் பார்த்து வைப்பார்கள்: கீழ்நிலைச் சிப்பாய்க்கு மிகக் குறைவு, அதிகாரிக்குக் கொஞ்சம் கூட, நம்மைப் போன்ற வெளியாளுக்கு எல்லோரையும்விட அதிகம். அப்படியும் பெரும்பாலும் ஊரில் இருக்கிற தனியார் மைதானத்தைவிட மலிவாகத்தான் இருக்கும். பிற்பகலுக்கு மேல் போனால் 'ட்வைலைட்' ரேட், இன்னும் குறையும். கோல்ஃப் பணக்காரர் ஆட்டம் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். டைகர் வுட்ஸின் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளை சின்ன வயசில் ஆடிப் பழகியது கலிபோர்னியாவில் ஒரு கடற்படை மைதானத்தில்தான்.

இன்னொரு காரணம், மரம். பல பேஸ் மைதானங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் போட்டவை. சுற்றிலும் வீட்டுமனை போட முடியாத இடம் என்பதால் ஓக்கும் பைனும் நிம்மதியாக வளர்ந்து இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு வரிசையாக நிற்கிற பெரிய மரங்களுக்கு நடுவே நடப்பது என்ன சுகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உள்ளே போவது எப்படி? இதில்தான் கவனம் வேண்டும். காரை எடுத்துக்கொண்டு நேரே கேட்டுக்குப் போகவே போகாதீர்கள். முதலில் மைதானத்தின் கடைக்கு, 'ப்ரோ ஷாப்' என்பார்கள், போன் செய்து ஒளிக்காமல் சொல்லுங்கள்: நான் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன், மாணவர் விசாவில் இருக்கிறேன், அல்லது ஹெச்-1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறேன், எனக்கு உள்ளே வர அனுமதிச் சீட்டு (பாஸ்) கிடைக்குமா? அந்நாட்டுக் குடிமகன் அல்லாதவர்களுக்கு பேஸுக்கு பேஸ் விதி மாறும். சில இடத்தில் உள்ளே வேலை செய்கிற ஒருவர் பொறுப்பேற்றுக் கூட்டிப்போனால்தான் உண்டு, சில இடத்தில் அடியோடு கிடையாது. சில மைதானங்கள் காவல் கேட்டுக்கு வெளியிலேயே இருக்கும், சான் டியாகோவில் அட்மிரல் பேக்கர் அப்படித்தான், அங்கே இந்தச் சிக்கலே இல்லை. பாஸ் உண்டு என்றால் விசிட்டர் சென்டரில் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், குற்றப் பின்னணி பார்ப்பார்கள். பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), டிரைவிங் லைசென்ஸ், வண்டியின் பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் கையில் இருக்கட்டும். 2025 மே 7 முதல் இதுமாதிரி இடங்களில் ரியல் ஐடி விதி, அதாவது மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டை வேண்டும் என்கிற விதி, நடைமுறையில் இருக்கிறது, அதனால் லைசென்ஸ் எடுக்கும்போதே மூலையில் நட்சத்திரக் குறி போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். விசிட்டர் சென்டர் சில ஊர்களில் சனி ஞாயிறு மூடியிருக்கும், பாஸை வார நாளிலேயே வாங்கி வையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு போவதானால் அவர்களுக்கும் சேர்த்தே முன்கூட்டிக் கேட்க வேண்டும். கேட்டில் துப்பாக்கியோடு நிற்கிற பையன் திருப்பி அனுப்பினால் பெரியவர்கள் பயந்துபோவார்கள்.

கேட்டில் கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள், போட்டோ எடுக்காதீர்கள். உள்ளே வண்டி ஓட்டும்போது கையில் போன் கூடாது, வேகம் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு மைல் கூட வேண்டாம். அங்கே போக்குவரத்து விதியை மீறி வாங்குகிற அபராதச் சீட்டு ஊர் கோர்ட்டுக்குப் போகாது, மத்திய கோர்ட்டுக்குப் போகும். விசாவில் இருக்கிறவர்களுக்கு அந்தத் தலைவலி எதற்கு? கஞ்சா உங்கள் மாநிலத்தில் செல்லும் என்றாலும் பேஸுக்குள் குற்றம்தான், வண்டியில் துணுக்குகூட இருக்கக் கூடாது.

மாலையில், பல பேஸ்களில் ஐந்து மணி வாக்கில், ஒலிபெருக்கியில் பியூகிள் என்கிற ஊதுகொம்புச் சத்தம் கேட்கும், தேசியக் கொடியை இறக்குகிறார்கள் என்று அர்த்தம். ஓடுகிற கார்கள்கூட அப்படியே நிற்கும். கையில் இருக்கிற மட்டையைக் கீழே வைத்து, தொப்பியை எடுத்து, கொடி இருக்கிற பக்கம் திரும்பி நேராக நில்லுங்கள். கொடி தெரியாவிட்டால் சத்தம் வருகிற பக்கம். நாம் அந்த நாட்டுக்காரர் இல்லை, சல்யூட் வேண்டாம், அசையாமல் நின்றால் போதும். கூட ஆடுகிற பெரியவர் அதற்கப்புறம் உங்களிடம் பேசுகிற தொனியே வேறாக இருக்கும்.

சாமானுக்கு ரொம்பச் செலவு செய்யாதீர்கள். பையில் 14 கிளப் (மட்டை) வரை வைக்கலாம் என்பதற்காக 14-ம் வாங்க வேண்டியதில்லை. பழைய சாமான் கடையில் நடுத்தர தூரம் அடிக்க ஒரு 7-ஆம் நம்பர் அயர்ன், கிட்டத்தில் தூக்கி அடிக்க ஒரு வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு புட்டர், கொஞ்சம் பழைய பந்து, அது போதும் ஆரம்பிக்க. காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத பேன்ட். முதல் சில வாரம் டிரைவிங் ரேஞ்ச் என்கிற பயிற்சித் திடலில் பந்து அடித்துப் பழகிவிட்டு அப்புறம் ஒன்பது குழி ஆடுங்கள். 18 குழியும் நடந்தால் ஏழெட்டு கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வரப்பில் நடந்து வளர்ந்த கால்களுக்கு மோட்டார் கார்ட் எதற்கு, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

மரம் அடர்ந்த மைதானத்தில் தூரம் அடிக்கிறவனைவிட நேராக அடிக்கிறவன்தான் பிழைப்பான். பந்து மரத்துக்குள் போய்விட்டால் கிளைகளுக்கு நடுவே தெரிகிற சின்ன இடைவெளியில் குழியை நோக்கி அடிக்க ஆசை வரும், வேண்டாம். பக்கவாட்டில் எந்த வழி அகலமோ அதில் 7-ஆம் நம்பரால் தாழ்வாகத் தட்டி, புல் வெட்டிய நடுப்பாதையான ஃபேர்வேக்குக் கொண்டுவாருங்கள். பைன் மரத்தடியில் காய்ந்த ஊசி இலை மெத்தையாகக் கிடக்கும், நாகைக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் கால் வைத்தது போலவே வழுக்கும். பந்தைச் சுற்றிக் கிடக்கிற இலையை எடுக்கலாம், எடுக்கும்போது பந்து அசைந்தால் உங்கள் கணக்கில் ஒரு ஷாட் அபராதமாகக் கூடும், அதனால் பந்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற இலையை மட்டும் விட்டுவிடுவது நல்லது. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் போன பந்து போனதுதான், பேஸில் வேலி தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது.

இடிச் சைரன் ஊதினால் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். வயலில் மின்னல் தாக்கிய செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

தனியாகப் போனால் இன்னும் மூன்று பேரோடு சேர்த்துவிடுவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற படைவீரர்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள், காவிரியைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் சொல்லுங்கள், அவர்களும் தாங்கள் இருந்த ஊர்களைப் பற்றிச் சொல்வார்கள். புதிசு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். அவர்களுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, தாமதம். ஒரு குழியில் பத்து தடவைக்கு மேல் அடித்தும் முடியாவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்துவிடுங்கள். பந்து யார் பக்கமாவது பறந்தால் 'ஃபோர்' என்று தொண்டை கிழியக் கத்துங்கள், இதில் கூச்சம் கூடாது.

பேஸில் பாஸ் கிடைக்கவில்லையா, நகராட்சி நடத்துகிற மைதானம் இருக்கிறதா என்று தேடுங்கள், 'முனிசிபல் கோர்ஸ்' என்று கேட்டால் சொல்வார்கள். அங்கே விசா கேட்க மாட்டார்கள்.