வேலூர் வெயிலில் புரதக் கரைசல்: சர்க்கரை சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரி சாதாரணம். ஏசி இல்லாத ஆய்வக மேசையில் மதியம் வரை கிடந்த என்சைம் (உயிர்வினைகளை வேகப்படுத்தும் புரதம்), சாயங்காலம் பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம். சுக்ரோஸ், ட்ரெஹலோஸ் ஆகிய சர்க்கரைகளோ கிளிசரால் என்ற பிசுபிசுப்பான திரவமோ சேர்த்தால் தாங்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு, எதற்காக என்று யோசிக்காமல் சேர்ப்பதால்தான் பல கரைசல்கள் வீணாகின்றன.

அடிப்படையான தவறு, சிட்டிகை அளவு போதும் என்று நினைப்பது. சர்க்கரை புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு காப்பதில்லை. புரதத்தின் மேற்பரப்பை விட்டு அது விலகி நிற்கிறது. மேற்பரப்பை ஒட்டி நீரே அதிகம் இருக்கும். இப்படி விலக்கி வைப்பதற்கு ஆற்றல் செலவாகிறது. வேலை செய்யும் புரதம் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும்; அந்த மடிப்பு அவிழ்ந்தால் மேற்பரப்பு பெருகி அந்தச் செலவும் கூடும். அதனால் மடிந்த நிலையே புரதத்துக்கு லாபம். உயிர்வேதியியலாளர் செர்ஜ் டிமாஷெஃபின் குழு 1980-களின் தொடக்கத்தில் இதை அளந்தே காட்டியது. இப்படி வேலை செய்யும் பொருளை 10 மில்லிமோலார் போட்டுப் பயனில்லை, 0.5 முதல் 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) வரை தேவை. அவ்வளவு போட்டாலும் புரதம் அவிழும் வெப்பநிலை சில டிகிரிதான் ஏறும். ஃபிரிட்ஜ் செய்யும் வேலையைச் சர்க்கரை செய்யாது.

கரைக்கும்போதும் கணக்கு தப்புகிறது. 1 மோலார் சுக்ரோஸ் என்றால் 100 மில்லியில் 34.2 கிராம். அதை 100 மில்லி பஃபரில் (பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, நிலையாக வைக்கும் கரைசலில்) கொட்டினால் கனஅளவு சுமார் 121 மில்லியாகிவிடும், செறிவு 0.83 மோலாருக்கு இறங்கும், பஃபரும் உப்பும் அதே விகிதத்தில் நீர்த்துப்போகும். 10 மடங்கு செறிவான பஃபர் 10 மில்லியும் தண்ணீர் 50 மில்லியும் எடுத்து, அதில் சர்க்கரையைக் கரைத்து, பிஎச் பார்த்த பிறகு 100 மில்லிக்கு நிரப்புங்கள். ட்ரெஹலோஸ் பெரும்பாலும் இரண்டு நீர் மூலக்கூறுகளோடு வருவதால் 34.2 அல்ல, 37.8 கிராம் எடுக்க வேண்டும். புட்டியின் லேபிளைப் பாருங்கள். கடைச் சர்க்கரை வேண்டவே வேண்டாம்: அதில் மிச்சமிருக்கும் சல்ஃபைட் புரதத்தின் வடிவத்தைப் பிடித்துவைக்கும் டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்புகளை வெட்டும்.

குளுக்கோஸ், லாக்டோஸ், மால்டோஸ் மூன்றையும் தவிருங்கள். இவை புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து புரதத்தைப் பழுப்பாக்கும். வெயில் காலத்தில் இந்த வினை இன்னும் வேகமாக நடக்கும். சுக்ரோஸும் அமிலத்தில் மெல்ல உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாறும் என்பதால், பிஎச் 5-க்குக் கீழே ட்ரெஹலோஸ்தான் நல்லது.

ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் டிரிஸ் என்ற பஃபரின் பிஎச்சை எந்த வெப்பநிலையில் பார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள். டிகிரிக்கு 0.028 வீதம் அது மாறும். 25 டிகிரியில் 7.5 என்று வைத்தது, 38 டிகிரி அறையில் 7.1, ஃபிரிட்ஜில் 8.1. சர்க்கரை மேல் போடும் பழியில் பாதி இந்த டிரிஸுக்குச் சேர வேண்டியது.

உறையவைப்பது தனிக் கதை. சோடியம் பாஸ்பேட் பஃபர் உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகி வெளியேற, மிச்ச திரவத்தின் பிஎச் வெகுவாகச் சரியும். சர்க்கரை போட்டிருக்கிறோமே என்று இதை விட்டுவிடாதீர்கள். பொட்டாசியம் பாஸ்பேட் பஃபரோ ஹிஸ்டிடின் பஃபரோ பயன்படுத்துங்கள். 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென உறையவைத்து, ஒவ்வொன்றையும் ஒரே முறை உருக்குங்கள். உறையவைத்து நீரை ஆவியாக்கும் உறைநிலை உலர்த்தலுக்கு மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் மட்டும் போதாது. அது படிகமாகிப் புரதத்தைத் தனியே விட்டுவிடும். கண்ணாடிபோல் உறையும் சுக்ரோஸோ ட்ரெஹலோஸோ கூடவே இருக்க வேண்டும்.

50 சதக் கிளிசரால் –20 டிகிரியிலும் உறையாது. அதனால் என்சைம்களுக்கு வசதி. ஆனால் சுத்தக் கிளிசராலைப் பிப்பெட்டில் உறிஞ்சினால் டிப்பின் சுவரில் ஒட்டி அளவு குறையும், ஆகவே எடை போடுங்கள்: 100 மில்லிக்கு 63 கிராம். ஊற்றியதும் அது அடியில் தங்கிவிடும். மூடியை இறுக்கி, கோடுகோடாகத் தெரிவது மறையும்வரை மெல்லத் தலைகீழாகத் திருப்புங்கள். டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் என்சைம்களின் வினைக் கலவையில் கிளிசரால் 5 சதத்தைத் தாண்டினால் ஈகோ ஆர்1 போன்ற வெட்டு என்சைம்கள் வேண்டாத இடத்திலும் வெட்டத் தொடங்கும். அதனால் 50 சதக் கிளிசராலில் உள்ள என்சைம் மொத்தக் கனஅளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

குலுக்கலுக்குச் சர்க்கரை மருந்தல்ல. நுரைக்கும்போது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து திரளும். அதைத் தடுப்பது 0.01 முதல் 0.05 சதப் பாலிசார்பேட் என்ற சோப்பு போன்ற பொருள். பழைய புட்டியில் பெராக்சைடு சேர்ந்து, புரதத்திலுள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பதால் புதிதாகத் திறந்ததே நல்லது.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடுவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. டிரம்மில் வரும் திரவ என்சைமை நிலையாக வைப்பது அதிலுள்ள கிளிசரால், சார்பிட்டால் போன்றவைதான். முன்கூட்டியே தண்ணீர் கலந்து தகரக் கொட்டகையில் வைத்தால் அந்தக் காப்பும் சேர்ந்தே நீர்த்துவிடும். புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேஸ் என்சைம்கள் தங்களைத் தாங்களே செரித்துக்கொள்ளும். அன்றன்று வேண்டியதை, சேர்ப்பதற்குச் சற்று முன்பு மட்டும் கலக்குங்கள்.