சிறுநீரக மாற்றுக்குப் பிறகு இடுப்பு வலியா? புது ஸ்கேன் ஆய்வுக்குக் கூப்பிட்டால் கேட்க வேண்டியவை

மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள் இடுப்பு வலியை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து அந்த எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகலாம். திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் தொடையிடுக்கில் ஒரு பிடிப்பு, சம்மணம் கொட்டி இருக்க முடியாமை, சிலருக்கு முழங்காலில் மட்டும் வலி, இப்படித்தான் தொடங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். இரண்டு இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், வலிக்காத பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

சரி, புது வகை ஸ்கேன் ஒன்றைப் பரிசோதிக்கிறோம், வருகிறீர்களா என்று கொழும்பிலிருந்து கேட்கிறார்கள் என்று வையுங்கள். முதல் கேள்வி: வழக்கமான எம்.ஆர்.ஐ.யும் எடுப்பீர்களா? புது முறை சரியாகக் காட்டுகிறதா என்பதைப் பழைய முறையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், அதுவும் ஒரு ஸ்கேனைப் பார்ப்பவருக்கு மற்றதன் முடிவு தெரியாமல் இருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு. ஆகவே புது ஸ்கேனை மட்டும் வைத்து ஒப்பரேஷனுக்குத் தலையாட்டாதீர்கள். முடிவு உங்கள் கைக்கு வருமா, உங்கள் கிளினிக் வைத்தியருக்குப் போகுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். ஆய்வில் எடுத்த படம் ஆய்வாளரின் கணினியிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

அடுத்தது ஊசி. படம் தெளிவாகத் தெரிய எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கடோலினிய மருந்து, இ.ஜி.எப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு) 30க்குக் கீழே இருந்தால் வகையைப் பொறுத்து ஆபத்தாகலாம், அதனால் கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். இந்த எலும்புப் பிரச்சினையைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஊசியே தேவையில்லை, எதற்குப் போடுகிறீர்கள் என்று தயங்காமல் கேட்கலாம். கால் பெருவிரல் வீங்கிச் சிவந்தால் அது கௌட் ஆகவும் (மூட்டில் யூரிக் அமிலம் படிகமாகச் சேரும் நோய்) இருக்கலாம். அதற்கு ஊசி இல்லாமலே யூரிக் அமிலப் படிகங்களை நிறம் பிரித்துக் காட்டும் இரட்டை ஆற்றல் சி.டி. இருக்கிறது.

சம்மதப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். இடையில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது, அது உங்கள் உரிமை. பஸ் செலவு யார் தருவது என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

இரவு பஸ்ஸில் போனால் மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டக்ரோலிமஸைக் கைப்பையில் வையுங்கள், நேரம் தவறக்கூடாது. அப்புறம், வலிக்கிறதே என்று பார்மசியில் டைக்லோபெனாக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், சிறுநீரகம் தாங்காது. மூட்டு வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போனால், ஆய்வுத் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே திருகோணமலை வைத்தியசாலைக்குப் போய், மாற்றுச் சிறுநீரகம் என்பதை முதலில் சொல்லுங்கள்.